கேட் வரை வந்து திரும்பியவருக்கு

குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டத்துக்கு முதல் தடவை நான் போன அன்று அங்கே கூட்டமே நடக்கவில்லை. 2017 டிசம்பர், மதுரையில் ஒரு சர்ச் வளாகம், வியாழக்கிழமை சாயங்காலம் 7 மணி. கேட் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து வந்த வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவங்களா, அவங்க செவ்வாய்க்கிழமைக்கு மாத்திக்கிட்டாங்களே" என்றார். எனக்குக் கிடைத்த விவரம் பழசு, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அன்று காலையிலிருந்து ஒரு சொட்டுகூடக் குடிக்காமல், அச்சகத்தில் பிளேட் மாட்டும்போது கை நடுங்குவது தெரியாமலிருக்கப் பையனைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லிவிட்டு, வேர்த்து வேர்த்து வண்டி ஓட்டி வந்தவனுக்கு அந்தச் சாத்திய கேட் என்ன செய்யும் என்பது குடித்தவர்களுக்குத் தெரியும். திரும்பும் வழியில் கடை இருந்தது. மறுபடியும் ஒரு கூட்டத்தைத் தேடி நான் கிளம்ப எட்டு மாதம் ஆனது.

அந்த எட்டு மாதம் இன்னொருவருக்குப் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் என் பெயர் வராது, அங்கே நான் பார்த்த யாருடைய பெயரும் வராது. வெட்கப்பட்டு மறைக்கவில்லை. ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் சொல்லாத குடிநோயாளிகள், அந்தப் பெயரிலேயே அது இருக்கிறது, வெளியில் எழுதும்போது பெயர் போடுவதில்லை என்பது ஆரம்பத்திலிருந்து வரும் வழக்கம். நாளைக்கே நான் மறுபடி குடித்துவிட்டால், "ஏ.ஏ.வுக்குப் போனவன் கதியைப் பாரு" என்று சொல்லி வேறொருவர் வராமல் போய்விடக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது.

அதற்கு முன்னால் நான் குடியை நிறுத்திய கதையைச் சொல்ல வேண்டும். எத்தனை தடவை நிறுத்தினேன் என்று எனக்கே கணக்கில்லை. அம்மா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். குலதெய்வக் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். யாரோ சொன்னார்கள் என்று ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கையில் கயிறு கட்டிவிட்டார்கள், அந்தக் கயிறு இற்று விழும் முன்பே குடித்தேன். மூன்று வருஷம் தொடர்ந்து சபரிமலைக்கு மாலை போட்டேன். மாலை போட்ட நாட்களில் ஒரு சொட்டு தொட்டதில்லை, அது உண்மை. அந்த நாற்பத்தொரு நாளும் வீடு வீடாக இருக்கும், மகள் என் மடியில் உட்கார்ந்து பாடம் படிப்பாள், என் மனைவி சிரிப்பாள். மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே எல்லாம் முடிந்துவிடும். "அப்பல்லாம் இருக்க முடியுதுல்ல, இப்ப ஏன் முடியல?" என்று அவள் கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் இருந்ததே இல்லை. எனக்கும் அதே கேள்விதான்.

நம் ஊரில் குடியை நிறுத்துவது என்றாலே சத்தியம்தான். சத்தியத்தை மீறினால் அவன் மனிதனே இல்லை. ஒவ்வொரு தடவை மீறும்போதும் குற்ற உணர்ச்சி இன்னும் கொஞ்சம் ஏறும், அந்தக் குற்ற உணர்ச்சியைத் தாங்க முடியாமல் குடிப்போம். இது ஒரு செக்கு. அதில் நான் பதினாலு வருஷம் சுற்றினேன்.

நடுவில் என் மச்சினன் சொந்தக் காசைக் கட்டி ஒரு மறுவாழ்வு இல்லத்தில் என்னைச் சேர்த்தான். அது எங்கே, என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் எட்டிப் பார்ப்பார். பேச்சை மீறினால் அடி விழும். அறுபது நாள் உள்ளே இருந்தேன், குடிக்கவில்லை, கதவு பூட்டியிருந்தது. வெளியே வந்த அன்று சாயங்காலமே குடித்தேன். எல்லா இல்லமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை மாதிரி, குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் தொடங்கி, குடியை நோயாகப் பார்த்து வைத்தியம் செய்கிற இடங்களும் இதே தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. அதனால் ஆளைச் சேர்க்கும் முன்பு அரசு உரிமம் இருக்கிறதா, தினமும் டாக்டர் வருவாரா, வீட்டார் வந்து பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் அங்கே விடாதீர்கள்.

சரி, 2018 ஜூலைக்கு வருகிறேன். மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். விசேஷம் முடியும்வரை தொடுவதில்லை என்று வழக்கம்போல் சத்தியம் செய்து, தினமும் முழுப் பாட்டில் குடித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினேன். முதல் நாள் நடுக்கம், வாந்தி, தூக்கமில்லை. மறுநாள் ராத்திரி வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகவும், செத்துப்போன என் அப்பா வாசலில் நின்று கூப்பிடுவதாகவும் சொல்லிக் கத்தியிருக்கிறேன். பேய் பிடித்துவிட்டது, மந்திரிக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்ல, என் மனைவி யார் பேச்சையும் கேட்காமல் ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவள் அன்று மந்திரிக்கப் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவதும் வரலாம், உயிரே போகலாம். இது வைராக்கியத்தால் தாண்டக்கூடியது இல்லை. டாக்டரிடம் போனால் அதற்கு மாத்திரை இருக்கிறது, தயமின் என்ற வைட்டமின் ஊசி போடுவார்கள், சில நாள் படுக்கையில் வைத்துக் கவனிப்பார்கள். கூட்டத்துக்கு அப்புறம் போகலாம், முதலில் ஆஸ்பத்திரி. இன்னொன்று, 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை வாங்கவே வாங்காதீர்கள். அப்படிக் கலக்கும் சில மருந்துகளுக்கு மேல் ஒருவர் குடித்தால் இதயமே நின்றுபோகும் அளவுக்கு ஆபத்து இருக்கிறது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மனநலப் பிரிவு டாக்டர் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். "உடம்புல இருக்கிறதை நாங்க எடுத்துட்டோம். இனிமே ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. ஏன் குடிக்கிறாய் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

அந்த நம்பருக்குப் போன் செய்தபோது எடுத்தவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "இன்னைக்குக் குடிச்சிருக்கீங்களா தம்பி?" என்றார். இல்லை என்றேன். "நல்லது. செவ்வாய்க்கிழமை ஏழு மணி" என்று ஒரு சர்ச்சின் பெயரைச் சொல்லி, "மெயின் கேட் இல்ல, பின்னாடி சந்து வழியா ஒரு சின்ன கேட் இருக்கு" என்றார். அதே சர்ச்! எட்டு மாதம் முன்னால் நான் திரும்பிப் போன அதே இடம்.

போனேன். போய் எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றேன். உள்ளே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இரண்டு டீ குடித்தேன். ஒருத்தர் பேங்க் ஆபீசர் மாதிரி இருந்தார், ஒருத்தர் பனியனும் தோளில் துண்டுமாக மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு நேராக வந்தவர் மாதிரி. இருபத்திரண்டு வயது இருக்கும் ஒரு பையன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கடை வாசலில் வேட்டி அவிழக் கிடந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது, அப்போது வராத கூச்சம் இப்போது வந்தது. அந்த நேரத்தில் ஒரு பெரியவர் ரோட்டைக் கடந்து வந்து, என் பக்கத்தில் நின்று ஒரு டீ சொல்லிவிட்டு, "உள்ள வர்றீங்களா, இல்ல இங்கயே கொஞ்ச நேரம் இருப்போமா?" என்று கேட்டார். போனில் கேட்ட அதே குரல்.

உள்ளே பதினொரு பேர். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, சுவரில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகள் எழுதிய துணி. சர்ச் வளாகம் என்பதால் மதம் மாற்றுவார்களோ என்று எனக்குப் பயம் இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, இடம் மட்டும்தான் அவர்களுடையது. ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் சேராது, பல ஊர்களில் இப்படித்தான் சர்ச்சிலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு அறையைக் கேட்டு வாங்கி நடத்துகிறார்கள். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், இருக்கிறவர் பத்தோ இருபதோ போடுவார், இல்லாதவர் கைமாற்றிவிடுவார். வெளியாரிடமிருந்து நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. உறுப்பினராக ஒரே ஒரு தகுதிதான், குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஒவ்வொருவராக, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொன்னார்கள். நடுவில் யாரும் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. இதற்கு ஷேரிங் என்று பெயர். மூட்டை தூக்குகிறவர் தன் மனைவியின் தாலியில் இருந்த குண்டுமணித் தங்கத்தை விற்றுக் குடித்ததைச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது, ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. நானும் அதைச் செய்திருக்கிறேன். என் வாழ்நாளில் நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது, ஒரு மனிதர் பதினொரு பேர் முன்னால் சாதாரணமாக உட்கார்ந்து சொல்கிறார், யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. நான் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வற்புறுத்தவும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் நான் அந்தப் பெரியவரிடம், "அண்ணே, சத்தியம் எப்பப் பண்ணணும்?" என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன், கடைசியில் வாங்குவார்கள் என்று காத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்க சத்தியம்லாம் இல்ல தம்பி. இன்னைக்கு ராத்திரி படுக்கிற வரைக்கும் குடிக்காம இரு. நாளைக்குக் காலைல எனக்குப் போன் பண்ணு" என்றார். அவ்வளவுதான். நாற்பத்தொரு நாள் இல்லை, ஆயுசுக்கும் இல்லை. ராத்திரி படுக்கிற வரைக்கும். அந்த அளவு எனக்கு முடியும் என்று தோன்றியது.

இது எப்படி வேலை செய்கிறது என்று பிறகு நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஏ.ஏ.வின் ஆரம்பமே அப்படித்தான் இருந்திருக்கிறது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு ஓட்டல். நியூயார்க்கில் பங்குச் சந்தை வேலை பார்த்த பில் வில்சன் குடியை நிறுத்திச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, வந்த வியாபாரமும் கைவிட்டுப் போனது. ஒரு பக்கம் பார், உள்ளே சிரிப்புச் சத்தம். அவருக்கு அந்த நேரத்தில் தோன்றியது, இப்போது எனக்கு இன்னொரு குடிகாரரிடம் பேச வேண்டும், அவருக்காக இல்லை, எனக்காக. அங்கிருந்த போனில் சர்ச்சுகளுக்கு ஒவ்வொன்றாக அடித்து, கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டரைக் கண்டுபிடித்தார். பதினைந்து நிமிஷம்தான் தருவேன் என்று வந்த டாக்டர் பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. அதைத்தான் ஏ.ஏ.வின் பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்த இடம் அந்தப் போன்தான். இருந்த இடத்திலிருந்தே மன உறுதியைத் திரட்டிக்கொண்டு நிற்கவில்லை, ஆள் தேடினார்.

ஆராய்ச்சி எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்து, 10,000 பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்தது. ஒழுங்கான முறையில் ஏ.ஏ.வோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற பேச்சு வைத்தியங்களைவிட மேலாகவே இருந்தது என்று சொன்னது. எல்லாருக்கும் சரிப்படும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நம்மை மீறிய 'உயர்ந்த சக்தி' ஒன்று என்று அங்கே சொல்லும்போது ஒத்துவராமல் எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு நண்பர், அந்த அறையில் இருக்கிறவர்களையே தன் உயர்ந்த சக்தி என்று வைத்துக்கொண்டு பல வருஷமாக வருகிறார். எனக்கு மனதில் உறுத்தும் குறை வேறு ஒன்று, பெண்கள். நம் ஊரில் குடிக்கும் பெண்கள் இல்லாமல் இல்லை, ஆனால் ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் எப்படி வருவார்கள்? ஆன்லைனில் பெண்களுக்கென்றே நடக்கும் கூட்டங்கள் இருக்கின்றன, கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

நாலு மாதம் கழித்து நான் குடித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். அச்சகத்தில் முதலாளியோடு சண்டை, நேராகக் கடை. ஏ.ஏ.வில் இதை ஸ்லிப் என்பார்கள். மூன்று நாள் குடித்துவிட்டு, எந்த முகத்தோடு போவது என்று வீட்டில் கிடந்தபோது அந்த அண்ணன் வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "செவ்வாய்க்கிழமை வந்துரு, உன் நாற்காலி அங்கதான் இருக்கு" என்றார். வந்தேன். எழுந்து நின்று, "நான் குடிச்சிட்டேன்" என்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள், திரும்பி வந்ததற்காக. சத்தியத்தை மீறினால் வெளியே நிற்க வேண்டும் என்றே பழகியவனுக்கு அது புரியவே கொஞ்ச நாள் ஆனது. அது 2018 டிசம்பர். அதன் பிறகு இன்று வரை குடிக்கவில்லை.

என் மனைவியும் ஒரு கூட்டத்துக்குப் போகிறாள். குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸும் இன்னொருவரும் சேர்ந்து 1951இல் தொடங்கியது. "நான் என்ன தப்புப் பண்ணேன், நான் எதுக்கு வரணும்?" என்றுதான் அவளும் கேட்டாள். இரண்டாவது வாரம் திரும்பி வந்து, "என்னங்க, எல்லார் வீட்லயும் பாட்டிலை ஒளிச்சு வைக்கிற இடம் ஒண்ணாதான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதாள். அவள் அழுததை அன்றுதான் நான் போதையில்லாமல் பார்த்தேன். உங்கள் கணவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் அங்கே போகலாம், அவர் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

2020 ஊரடங்கில் கடைகளும் மூடின, எங்கள் அறையும் மூடியது. போனில் ஜூம் எப்படிப் போடுவது என்று மூட்டை தூக்குகிற அண்ணனுக்கு அவர் மகள் சொல்லிக் கொடுத்தாள். மே 7ஆம் தேதி கடைகள் திறந்தபோது டிவியில் அந்த நீண்ட வரிசைகளைப் பார்த்து எல்லாரும் பேசினார்கள், எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அன்று மட்டும் எங்கள் குழுவில் காலை, மத்தியானம், ராத்திரி என மூன்று தடவை கூட்டம் போட்டோம்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று தேடுபவர்களுக்கு: ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாக விவரம் இருக்கும், ஆனால் அதைப் பார்த்துவிட்டு நேராகக் கிளம்பாதீர்கள், என்னைப் போல் சாத்திய கேட் முன்னால் நிற்க வேண்டிவரும். முதலில் அதில் உள்ள எண்ணுக்குப் பேசி, கிழமை, நேரம், எந்த வாசல் எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓபன் மீட்டிங்கா க்ளோஸ்டு மீட்டிங்கா என்றும் கேளுங்கள், ஓபன் என்றால் வீட்டார் யாரையாவது துணைக்குக் கூட்டிப் போகலாம், மற்றது குடிநோயாளிகளுக்கு மட்டும். அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கேட்டால் பக்கத்தில் எங்கே என்று சொல்வார்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, இரண்டுக்கும் காசு இல்லை. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்குப் போங்கள், ஒவ்வொரு குழுவும் ஒரு மாதிரி. ஆறு கூட்டமாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அண்ணன் எனக்குச் சொன்னார்.

2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் ஜனம் இருக்கும் ஊரில் அன்று அந்த அறையில் இருந்தது பதினொரு பேர். மற்றவர்கள் எங்கே என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

அன்று டீக்கடைக்கு வந்து கூப்பிட்ட அண்ணனுக்கு இப்போது முழங்கால் வலி, படியேற முடிவதில்லை. சாவி என்னிடம் இருக்கிறது. ஆறரைக்கே போய் இரண்டு கேட்டையும் திறந்து, நாற்காலிகளைப் போட்டுவிட்டு, கூட்டம் ஆரம்பித்த பிறகும் ஒரு இருபது நிமிஷம் சந்து முனையில் நிற்கிறேன். எதிர்ச்சாரி டீக்கடையில் யாராவது இரண்டாவது டீயோடு நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.